ஜன்னல் பக்கத்து இடம்

ராஜபாளையம்
24.1.1988

கனி, கடிதத்துக்கு யாராவது மார்ஜின் போடுவார்களா?

உன் கடிதத்தைப் பிரித்ததும் எழுத்துக்கு முன்னால் அந்தக் கோடுதான் கண்ணில் பட்டது. ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில், மேலிருந்து கீழ்வரை போட்டிருக்கிறாய். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி என்ன தாசில்தாருக்கா மனு எழுதுதா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தை முன்னால் சிரிக்கவில்லை.

நான் நலம். நீயும் அம்மாவும் நலமா? அப்பாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறதா? அரிசி மில்லுக்குப் போகிறாரா, இன்னும் படுத்திருக்கிறாரா? அதை நீ எழுதவில்லை.

பொங்கல் முடிந்து வந்ததிலிருந்து வேலை நன்றாகப் போகிறது. பின்கட்டில் தறி ஓடும். முன் அறையில் நாங்கள் பேண்டேஜ் துணியைச் சுருட்டிப் பெட்டியில் அடுக்குகிறோம். என் இடம் ஜன்னல் ஓரம். மதியம் செங்கோட்டை ரயில் போகிற சத்தம் கேட்கும். மலையும் தெரியும். மேலே ஃபேன் இருக்கிறது. முதலாளியம்மா நல்ல மாதிரி. பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. "உனக்குத் தங்கச்சி இருக்காளாமே, லீவு விட்டதும் கூட்டிட்டு வா, உன் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன்" என்று சொன்னார்கள். நான் சும்மா தலையாட்டி வைத்தேன்.

அடுத்த கடிதத்தில் மார்ஜின் எதற்கென்று எழுது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஒரு பஸ்தான் என்றாலும், வயதுக்கு வந்த பெண்ணைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்கிறாள் அத்தை. அதனால் நீ எழுதினால்தான் உண்டு.

அன்பு அக்காள்,
பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.2.1988

அன்புள்ள அக்காவுக்கு செல்லக்கனி வணக்கம் சொல்லி எழுதும் கடிதம். நாங்கள் மூன்று பேரும் சுகம். அப்பா மில்லுக்குப் போகவில்லை. படுத்தும் இருக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்கிறார்.

மார்ஜின் எதற்கென்றால், இந்த வருடம் ஐந்தாம் வகுப்புக்கு முழுப்பரிட்சை எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் தேரடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். எல்லோருக்கும் ஒரே கேள்வி, அச்சடித்துத் தருவார்கள். வேறு பள்ளி சார்தான் திருத்துவார். அதனால் அய்யம்மாள் டீச்சர் எதை எழுதினாலும் மார்ஜின் போட்டுப் பழகச் சொன்னார்கள். நான் பால் கணக்கு எழுதும் தாளுக்கும் போட்டேன். அம்மா திட்டினாள்.

வெள்ளிக்கிழமை டீச்சர் எங்களுக்கு அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார்கள். நாங்களும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தோம். ரொம்ப நேரம். கடைசியில் மொக்கைச்சாமி எழுந்து, "டீச்சர், கேள்வி?" என்றான். "கையில வெச்சிருக்கியே, அது என்னல, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டார்கள். எப்போதும் டீச்சர் கேள்வியை இரண்டு தடவை வாசித்துச் சொல்வார்கள், நாங்கள் விடை எழுதுவோம். உனக்கும் அப்படித்தானே இருந்தது? இனிமேல் யாரும் வாசித்துச் சொல்ல மாட்டார்களாம். எனக்கு அந்தத் தாளைப் பார்த்தால் எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் கேள்வி காதில் கேட்கவில்லை.

அப்பா, "பாஸானா ஆறாப்பு. பெயிலானா படிச்சது போதும், அக்காகூடப் போயி வேலை பாக்கட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார்.

உன் தங்கை,
த.நா. செல்லக்கனி, ஐந்தாம் வகுப்பு 'அ'
(த.நா. என்றால் தமிழ்நாடு. பரிட்சைத் தாளில் முழு விலாசம் போட வேண்டும் என்று டீச்சர் சொன்னார்கள்.)


ராஜபாளையம்
14.2.1988

தமிழ்நாட்டுச் செல்லக்கனிக்கு அக்காள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

கேள்வி கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஒரு வழி சொல்கிறேன். நீயே டீச்சர் ஆகிவிடு. சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேள்வியை இரண்டு தடவை வாசி. முதல் தடவை டீச்சர் சொல்வது, இரண்டாம் தடவை நீ கேட்பது. தறி ஓடும்போது இங்கே நாங்கள் பேசிக்கொள்வதும் அப்படித்தான். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம்.

இனிமேல் நான் கேள்வித்தாள் அனுப்புகிறேன். அச்சு இல்லை, ஆனாலும் யாரிடமும் வாசித்துக் காட்டச் சொல்லாதே.

1. ஒரு பெட்டியில் 24 சுருள். ஒரு பெண் ஒரு நாளில் 15 பெட்டி அடுக்கினால் மொத்தம் எத்தனை சுருள்?
2. வேலை காலை 8 மணிக்கு ஆரம்பித்து மாலை 6 மணிக்கு முடிகிறது. சாப்பாட்டுக்கு 30 நிமிடம். வேலை நேரம் எவ்வளவு?
3. உன் வீட்டைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது.

தெரிந்ததை முதலில் எழுது. தெரியாத கேள்விக்கு இடம் விட்டுவிட்டு மேலே போ. அழாதே. மை சிந்தினால் துடைக்காதே, ஒத்தி எடு.

ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டும் கனி. நான் அதில் ஒரு மாதம்தான் இருந்தேன். பூகோள நோட்டில் ஆப்பிரிக்காவுக்கு வர்ணம் தீட்டி வரச் சொன்னார்கள். அதற்குள் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டது, நான் நின்றுவிட்டேன். அதற்கப்புறம் எந்தக் கண்டம் வந்தது என்று எனக்குத் தெரியாது.

அக்காள்,
பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
22.2.1988

அன்புள்ள அக்காவுக்கு, கனி எழுதுவது. எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் சளி.

1. விடை: 360 சுருள்.
2. விடை: 9½ மணி நேரம். நம்பாமல் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூடம் நாலரைக்கு விட்டுவிடுவார்கள்.
3. எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். முன்பு நான்கு பேர் இருந்தோம். எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கூரை. மழை பெய்தால் அக்காள் படுக்கும் மூலையில் ஒழுகும். இப்போது அங்கே யாரும் படுக்காததால் ஒன்றும் நனைவதில்லை.

உதட்டை அசைத்து வாசித்தேன். கேள்வி கேட்டது. டீச்சர் குரல் இல்லை, உன் குரல்.

அக்கா, கணக்கில் வருகிற பெண் நீதானே? கை வலிக்காதா? 360 தடவை சுருட்டினால் எனக்கு வலிக்கும்.

ஜன்னல் ஓரத்தில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா?

கனி


ராஜபாளையம்
6.3.1988

அன்புள்ள கனிக்கு, அக்காள் ஆசியுடன் எழுதுவது. நலம். அம்மாவின் சளிக்குக் கற்பூரவல்லி இலை பறித்துக் கொடு. அடுத்த வீட்டில் இருக்கிறது, கேட்டால் தருவார்கள்.

மூன்றுக்கு மூன்றும் சரி. நூற்றுக்கு நூறு.

கை வலிக்காது. பழகிவிட்டது. அது நான் இல்லை, கணக்கில் வருகிற யாரோ ஒரு பெண்.

இடம் காலியாகத்தான் இருக்கிறது. என் தூக்குவாளியை அங்கே வைத்திருக்கிறேன். வேறு யாரும் உட்கார வந்தால், "ஆள் வருது" என்று சொல்லிவிடுகிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலாளியம்மாவும் போன வாரம் கேட்டார்கள். இங்கே மற்றவர்கள் எல்லோரும் ஒரே தெருக்காரர்கள். சேர்ந்து வருவார்கள், சேர்ந்து போவார்கள். அத்தை வீட்டில் எல்லோரும் அவரவர் வேலையாக இருப்பார்கள். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஞாயிற்றுக்கிழமை படம் போடுவார்கள். சத்தம் நன்றாகக் கேட்கும்.

அடுத்த கேள்வித்தாள்:

1. ஒரு டஜன் பென்சிலை 3 பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எத்தனை?
2. தமிழ்நாட்டின் தலைநகரம் எது?
3. மழை எப்படி உண்டாகிறது?
4. வாழை மரத்தின் பயன்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுது.

அன்புடன்,
பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
11.3.1988

அன்புள்ள அக்காவுக்கு, கனி எழுதுவது. எல்லோரும் சுகம், அம்மாவுக்குச் சளி போய்விட்டது.

1. விடை: 7 பென்சில்.
2. விடை: ராஜபாளையம்.
3. விடை: தெரியாது.
4. வாழை மரம் ஒரு மரம். வாழை மரம் ஒரு மரம். வாழை மரம் ஒரு மரம். வாழை மரம் ஒரு மரம். முற்றும்.

அக்கா, எனக்கு இதெல்லாம் தெரியும். நீ பயப்படாதே. நான் பழகிக்கொள்கிறேன். பாஸாவதற்குப் பழகுவது மாதிரி பெயிலாவதற்கும் பழக வேண்டும் அல்லவா? எனக்குச் சரியான விடைதான் கையில் வருகிறது. ஏழு என்று எழுதுவதற்குள் இரண்டு தடவை நாலு என்று எழுதி அடித்துவிட்டேன்.

அப்பா சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெயிலானால் அக்காகூட. எனக்கும் அதுதான் வேண்டும். ஃபேன் இருக்கிறது, ரயில் இருக்கிறது, மலை தெரிகிறது, இடமும் இருக்கிறது. 360இல் பாதி நான் சுருட்டினால் உனக்கு 180தான். டி.வி. சத்தத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்து கேட்கலாம். அத்தை வீட்டில் நீ சாப்பிடும்போது யார் பேசுகிறார்கள் என்று போன கடிதத்தில் தேடிப் பார்த்தேன். யாருமே இல்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான். உடனே பதில் போடு.

உன்னிடம் வரப்போகும்,
கனி


ராஜபாளையம்
27.3.1988

அன்புள்ள கனிக்கு, அக்காள் எழுதுவது. எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலை அதிகம்.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. அத்தையிடம் இன்னொரு பாய் இருக்கிறதா என்று கேட்டேன். "எதுக்குட்டி?" என்றாள். "சும்மா" என்றேன். பரண்மேல் ஒன்று கிடந்தது. எடுத்துத் தட்டி வெயிலில் போட்டேன். பிறகு சுருட்டி, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

ஃபேன் இருக்கிறது என்று எழுதினேன் அல்லவா. துணியில் பஞ்சு பறக்கும் என்பதால் அதைப் போட விடுவதில்லை.

பரிட்சை எந்தத் தேதி? ராத்திரி கண் விழிக்காதே. மெய் எழுத்துக்குப் புள்ளி வைக்க மறந்துவிடுகிறாய், பார்த்து எழுது.

பூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.4.1988

அன்புள்ள அக்காவுக்கு, கனி எழுதுவது. சுகம்.

உன் கடிதத்தை நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். சரி என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. பாய் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாய். அதனால் சரி என்று வைத்துக்கொண்டேன்.

பரிட்சை 18ஆம் தேதி திங்கட்கிழமை ஆரம்பம். பெயர், வகுப்பு, விலாசம் எழுதி, மார்ஜின் போட்டுவிட்டு மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். டீச்சரை நினைத்தால் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. முந்தாநாள்கூட, "கனி, நீ ஒருத்தி போதும்ட்டி, நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைக் காப்பாத்த" என்றார்கள். மொக்கைச்சாமி இன்னும் கேள்வித்தாளைக் காதில் வைத்துப் பார்க்கிறான்.

ஃபேன் ஓடாவிட்டால் பரவாயில்லை. நான் விசிறியால் வீசுகிறேன்.

கனி


ராஜபாளையம்
10.4.1988

கனிக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் எழுது.

ஜன்னல் ஓரத்து இடம் நேற்றிலிருந்து காலியாக இல்லை. அதில் இருளம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். செட்டியார்பட்டிக்காரி, இப்போது நம் அத்தை தெருவில் குடியிருக்கிறாள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். குழாயடியில் பார்க்கும்போதெல்லாம், "உங்க ஆபீஸ்ல ஆளு எடுக்காகளா?" என்று கேட்பாள். நான் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவேன்.

நேற்றுக் காலையில் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதலாளியம்மா பார்த்துவிட்டு, "ஏம்மா, இதா உன் தங்கச்சி? உன்னைவிடப் பெரியவளா இருக்காளே" என்றார்கள்.

"இல்லைங்கம்மா. தங்கச்சி வரலை. படிக்கா."

"வருவாள்னு ரெண்டு மாசமா இடம் போட்டு வெச்சியே. அப்போ இந்தப் பொண்ணுக்குக் கொடுத்துடட்டுமா? அப்புறம் வந்து கேட்டா இல்ல, பாத்துக்கோ."

"குடுத்துருங்கம்மா" என்றேன். தூக்குவாளியை எடுத்துக்கொண்டேன்.

இனிமேல் இங்கே ஆள் எடுக்க மாட்டார்கள். நீ பெயிலானால் அப்பா உன்னை வேலைக்கு அனுப்புவார். ஆனால் என்னிடம் அனுப்ப முடியாது. தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புவார். விடிவதற்கு முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அங்கே நான் இருக்க மாட்டேன்.

கேள்வியை இரண்டு தடவை வாசி. தெரிந்ததை முதலில் எழுது. புள்ளி வை. பென்சிலுக்கு விடை நாலு.

பரிபூரணம்


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.4.1988

அன்புள்ள பரிபூரணத்துக்கு அய்யம்மாள் டீச்சர் எழுதுவது. நலம். உன் தாயார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். கனிதான் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பேனாவைக் கொடுத்தால், "அக்காளுக்குப் பக்கத்துல ஆளு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விடுகிறாள். உங்களுக்குள் என்ன என்று உன் அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

இனி நான் சொல்வது. முதல் நாள் பரிட்சை அறைக்குள் எங்களை விடவில்லை. வராந்தாவில் நின்று பார்த்தேன். நம் மொக்கைச்சாமி பழக்கத்தில் எழுந்து, "சார், கேள்வி?" என்று கேட்டுவிட்டு, தானே நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்றப் பிள்ளைகள் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கனி மட்டும் மார்ஜின் போட்டாள், பேரை எழுதினாள், பேனாவை மூடி வைத்துவிட்டாள். எனக்கு உயிரே இல்லை. அரை மணி நேரம் இருக்கும். மேற்பார்வைக்கு வந்த சார் பக்கத்தில் வந்து, "ஏட்டி, தூங்குதியா?" என்று கேட்டார். அதற்கும் அவள் அசையவில்லை.

அப்புறம் என்ன நினைத்தாளோ, தாளை எடுத்து உதட்டை அசைத்து வாசித்தாள். அழுதுகொண்டே வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு எழுத ஆரம்பித்தவள், மணி அடிக்கும்வரை நிமிரவில்லை. மற்ற நாட்களும் நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

உன்னை ஏழாவது எட்டாவது என்று படிக்க வைத்திருக்கலாம். அது நடக்கவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு என்று உன் அம்மா சொல்கிறாள்.

அன்புடன்,
அய்யம்மாள்


ஸ்ரீவில்லிபுத்தூர்
23.5.1988

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா?

பாஸ். எங்கள் பள்ளிக்கூடத்தில் நான்தான் முதல் மார்க். மொக்கைச்சாமியும் பாஸ். அப்பா பட்டியலைப் பார்க்கத் தேரடிவரை நடந்தே வந்தார். திரும்பும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். ஆறாம் வகுப்பில் சேர்த்துவிடுகிறேன் என்று டீச்சரிடம் அவர் வாயாலேயே சொன்னார்.

இருளம்மாள் உன்னோடு பேசுவாளா?

ஒரே ஒரு கேள்வி. ஒரு வார்த்தையில் விடை எழுதினால் போதும். நான் வந்திருந்தால் உனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமா?

செல்லக்கனி


ராஜபாளையம்
29.5.1988

அன்புள்ள தங்கை செல்லக்கனிக்கு, அக்காள் பரிபூரணம் எழுதிக்கொள்வது. நலம். அப்பாவை அவ்வளவு தூரம் நடக்க விட வேண்டாம். அம்மாவிடம் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்.

வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உன் கடிதம் வந்தது. நடந்துகொண்டே படித்தேன். வழியில் கடையில் ஆரஞ்சு மிட்டாய் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டேன்.

மதியம் தறியை நிறுத்தியதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் எழுந்து நின்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முந்தி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். இருளம்மாள்தான், "ஏட்டி பூரணம், என்ன நிக்கே? வாயில பேண்டேஜ் சுத்திருக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட்டேன்.

"என் தங்கச்சி பாஸாயிட்டா. ஆறாப்புப் போறா."

"உனக்குத் தங்கச்சி உண்டா? சொல்லவே இல்லியே" என்றாள் ஒருத்தி.

"இவளுக்கு வாயி உண்டுங்கதே இன்னைக்குத்தான தெரியுது" என்றாள் இன்னொருத்தி.

முந்தியை அவிழ்த்து ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தேன். முதலாளியம்மாவுக்கும் கொடுத்தேன். இருளம்மாள் இரண்டாவது கேட்டாள், என் பங்கை அவளுக்குக் கொடுத்தேன். எல்லோருக்கும் கொடுத்த பிறகு ஒன்று மிஞ்சியது. கடையில் எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன்.

தறி திரும்ப ஓட ஆரம்பிக்கும்வரை அதைக் கையில் வைத்திருந்தேன். பிறகு காகிதத்தைப் பிரித்து நானே தின்றேன்.